ஆறு முறை வந்த பெயர்: ஒரு மலக்குழிச் சாவும் ஒரு கானாவும்

வடசென்னையில், வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் இடைப்பட்ட ஒரு குடியிருப்பில் எங்கள் கலைக்குழு சுமார் எட்டு மாதம் ஈடுபட்ட ஒரு விஷயத்தின் பதிவு இது. பறை, கானா, வீதி நாடகம் என்று ஒன்பது பேர் சேர்ந்து இயங்கும் சின்னக் குழு நாங்கள். ஒத்திகைக்கு இடம் ஒரு படிப்பகத்தின் மொட்டை மாடி. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் யார் பெயரும் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். நாங்கள் செய்த தவறை மட்டும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

குழுவில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பதைத் தாண்டியவர். மாலை ஐந்து மணிக்குத் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு வடை, பஜ்ஜி விற்பார். சில வருடங்களுக்கு முன் அவருடைய கொழுந்தனார் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறந்துபோனார். அந்த வழக்குக்காக அலைந்ததில் சட்டம் பழகிவிட்டது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் மலக்குழியில் யார் இறந்தாலும் முதல் போன் அக்காவுக்குத்தான் வரும். பிணவறை, ஸ்டேஷன், தாசில்தார் ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் குடும்பத்தோடு போய் உட்காருவார். கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தின் நகல், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்ன 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்தத் தொகையை 30 லட்சமாக்கிய 2023 அக்டோபர் தீர்ப்பு. மூன்றிலும் எண்ணெய்க் கறை.

இப்படிப்பட்டவர்களுக்கு 'மனித உரிமைக் காப்பாளர்' என்று ஒரு பெயர் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று ஏற்ற பிரகடனத்தின்படி, தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உரிமைகளுக்காக அமைதியான வழியில் பாடுபடும் யாரும் காப்பாளர்தான். பட்டமோ அடையாள அட்டையோ தேவையில்லை. இதை முதலில் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். "நான் வடை சுடுறவ. இன்னா காப்பாளர்?" ஆனால் ஸ்டேஷனில் அவரிடம் எப்போதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "நீ யாரு, எந்தச் சங்கம்?" என்பதுதான். அதற்குச் சொல்ல ஒரு பதில் இருப்பது நல்லது என்று பிறகு அவரே சொன்னார்.

சாவும் அடுத்த பத்து நாட்களும்

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்தது இது. ஒரு தனியார் கட்டடத்தின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஒரு மேஸ்திரி மூலமாக இரண்டு பேர் போனார்கள். முதலில் இறங்கியவர் சத்தமில்லாமல் சரிந்தார். மேலே இருந்தவர் தூக்கிவிடப் போய் அவரும் மயங்கினார். அக்கம்பக்கத்தினர் கயிறு போட்டு இருவரையும் இழுத்தார்கள். இரண்டாமவர் பிழைத்தார். இறந்தவருக்கு இருபத்தெட்டு வயது.

மறுநாளே கான்ட்ராக்டர் தரப்பில் ஆள் வந்தது. இரண்டு லட்சம் ரொக்கம், ஒரு பத்திரத்தில் கையெழுத்து, "அவர் தன் இஷ்டப்படி இறங்கினார்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டாம் என்று குடும்பத்திடம் சொன்னவர் அக்கா. ஸ்டேஷனில் வழக்கு வெறும் சந்தேக மரணமாக, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் பதிவாகியிருந்தது. 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட வேண்டும் என்று அக்கா மனு எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயங்கள். தெருமுனையில் ஆறு வண்டிகள் நிற்க, அக்காவின் வண்டியை மட்டும் 'நடைபாதை ஆக்கிரமிப்பு' என்று தூக்கிப்போனார்கள். இரவு ஒன்பது மணிக்கு போன் வந்தது: "ஸ்டேஷன் வந்துட்டுப் போங்க, சின்ன விசாரணை." வீட்டுக்காரர் பத்து வருடத்தில் முதல் தடவையாக, பொங்கலுக்குள் காலி பண்ணிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பத்தாவது படிக்கும் மகள் டியூஷன் விட்டு வரும் நேரத்தில் எதிரே ஒரு பைக் நின்றது. பைக்கில் இருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை. மூன்று நாளும் நின்றார்கள், அவ்வளவுதான்.

முதல் முடிவும் அதன் பலனும்

எங்கள் குழுவுக்கு விஷயம் தெரிந்தது பதினாறாம் நாள் காரியத்தில். வடசென்னையில் சாவு வீட்டில் கானா பாடுவது புதிதில்லை. இறந்தவரின் குணத்தையும் தொழிலையும் விடிய விடியப் பாட்டில் கட்டி வைப்பார்கள். அன்றும் எங்கள் குழுவின் இளைய பாடகர் சட்டியும் டோலக்கும் வைத்துப் பாடினார். புதுசாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார், அக்காவைப் பற்றி. பத்திரத்தைத் தள்ளிவிட்ட கை, போலீஸைக் கேள்வி கேட்ட வாய் என்று போகும். நல்ல பாட்டு. கூடியிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். யாரோ போனில் எடுத்தார்கள். ராத்திரிக்குள் வாட்ஸப் ஸ்டேட்டஸ்களில் ஓடியது. மறுநாள் எங்கள் பக்கத்திலும் பகிர்ந்தோம். உள்ளபடி சொன்னால், ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை எங்களுக்குப் பிடித்திருந்தது. 'விழிப்புணர்வு' என்று பெயரும் வைத்துக்கொண்டோம். அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எதிர்த்தரப்பு அந்தப் பாட்டையே கையில் எடுத்தது. "பாட்டுப் போட்டு விளம்பரம் தேடுறா. பொணத்த வச்சு கமிஷன் பாக்குறா" என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கித் தெருக் குழாயடி வரை வந்தது. அது ஒட்டிக்கொண்டதற்குக் காரணமும் பாட்டுதான். அவரைத் தெருவில் ஒருத்தியாக இருந்த இடத்திலிருந்து எடுத்து, தனியாக ஒரு மேடையில் ஏற்றி வைத்துவிட்டோம். தனியாக நிற்பவரைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவது சுலபம்.

அந்த வாரம் இறந்தவரின் அம்மாவைப் பார்க்கப் போனோம். டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பாட்டுல எம்புள்ள பேரு ஒரு வாட்டி கூட வர்லியேபா?"

திரும்பி வந்து எண்ணிப் பார்த்தோம். அக்கா பெயர் ஆறு முறை. தெருவின் பெயர் இரண்டு முறை. இறந்தவரின் பெயர் இல்லை.

நிறுத்தி வைத்துக் கேட்டது

எங்கள் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கினோம். மற்றவர்கள் போனில் இருந்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம்: அக்காவிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. வண்டி திரும்ப வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகும்போது கூட ஒருவர் வர வேண்டும். மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும். "பாட்டுல என்ன விட்ருங்க."

நான்கில் மூன்றுக்குக் கலை தேவையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழுவில் இது சண்டையாகவே ஆனது. "நாம கலைஞர்கள், எடுபிடி வேலைக்கா வந்தோம்?" என்று ஒருவர் கேட்டார். பாடகர் கோபத்தில் ஒரு மாதம் வரவில்லை. அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. பாட்டைப் பகிர்ந்தது குழு, பழி மட்டும் அவர் தலையில். மீதி எட்டுப் பேரில் ஐந்து பேர் முறை வைத்து டியூஷன் வாசலில் நின்றோம். பறை அடிக்கும் இரண்டு பெண்கள் அக்காவோடு ஸ்டேஷன் போனார்கள்.

வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடினோம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வந்த வக்கீல் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சாட்சியாக விசாரிக்க அழைப்பதென்றால் எழுத்தில் உத்தரவு வேண்டும்; பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அது அதே சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு. இரண்டு, 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் விடுவிக்க வேண்டும்.

அடுத்த முறை இரவு போன் வந்தபோது அக்கா, "எழுத்துல குடுங்க சார், வீட்லயே பதில் சொல்றேன்" என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. எழுத்தில் எதுவும் வரவில்லை. பைக் விஷயத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். தேசிய மனித உரிமை ஆணையத்தில் காப்பாளர்களுக்கென்றே ஒரு தொடர்பு அதிகாரி உண்டு; அங்கேயும் மனு போனது. ஒப்புகை வந்தது.

நாடகம்

இரண்டாவது மாதம் அக்காவே கேட்டார்: "என்ன பத்தி வேணாம். அந்தக் குழிய பத்திப் போடுங்க. இன்னும் பாதிப் பேருக்கு அது இன்னான்னே தெரியாது." ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் மலக்குழிச் சாவில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தெருவிலேயே பலர், இறந்தவர் வழுக்கி விழுந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருபது நிமிட நாடகம். மொட்டை மாடியில் சுண்ணாம்பால் இரண்டடி வட்டம் போட்டோம், அதுதான் குழி. அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக ஒரு பெண் நடிப்பார். முதலில் அழுகிய முட்டை நாற்றமாக வந்து மூக்கைப் பிடிக்க வைப்பார். அப்புறம் நாற்றம் நின்றுவிடும். 'நாத்தம் போச்சு, இறங்கலாம்' என்று இறங்குபவர் நினைப்பார். உண்மையில் வாயு கூடும்போது முதலில் செத்துப்போவது மூக்கின் உணர்வுதான். இதை எழுதிச் சொன்னால் இரண்டு வரி. வட்டத்துக்குள் அந்தப் பெண் மெல்ல அமைதியாகி, பறையும் நின்று, இறங்குபவர் சிரிக்கும்போது பார்ப்பவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

பிழைத்தவர் ஓர் ஒத்திகைக்கு வந்தார். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே பார்த்தார். நடிகர் குனிந்து தலையை உள்ளே நீட்டியதும் எழுந்து வந்துவிட்டார். "இப்டி இல்லபா. முதல்ல கால்தான் போவும். கை ரெண்டும் விளிம்புல. கடைசியாதான் தல." சொல்லிவிட்டு அவரே வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் காட்டினார். தரையில் வரைந்த கோடுதான், குழி இல்லை. ஆனாலும் முழங்கால் நடுங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவரை நடிக்கக் கேட்கலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை. அதற்காக இன்றும் நிம்மதிப்படுகிறேன்.

அவர் இன்னொன்றும் திருத்தினார். இறங்கும் முன் இருவரும் குடிப்பதாக ஒரு காட்சி வைத்திருந்தோம். நாற்றம் தாங்கப் பலர் குடித்துவிட்டு இறங்குவது உண்மைதான். "அத எடுத்துடுங்க. குடிச்சிட்டு இறங்கினான்னு கேஸ முடிச்சிடுவாங்க," என்றார். வக்கீலும் அதையேதான் சொன்னார். எடுத்துவிட்டோம். உண்மையை மறைக்கிறோமா என்று அன்று விவாதம் நடந்தது. ஒரு வழக்கு நடக்கும்போது எந்த உண்மையை யார் எந்த இடத்தில் சொல்வது என்பதும் ஒரு முடிவு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். கான்ட்ராக்டர், கட்டடம், சாதிப் பெயர் சொல்லி நடந்த வசவு என எல்லாமே விசாரணையில் இருந்ததால், கதையை வேறோர் ஊரில் வேறொரு வேலையாக மாற்றிக்கொண்டோம்.

அனுமதியும் பார்வையாளர்களும்

1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. எனவே நாடகப் பிரதியைக் காட்டி போலீஸிடம் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் பொது இடத்தில் கூட்டம் என்றால் 1888-ஆம் ஆண்டு சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு குறுக்கே வரும். மெயின் ரோட்டில் போட விண்ணப்பித்தோம்; பதில் இழுத்துக்கொண்டே போனது. சரி என்று குடியிருப்பின் உள் முற்றத்திலேயே, குடியிருப்போர் சங்கத்தின் கடிதத்தோடு, மாலை ஆறரைக்கு, மைக் இல்லாமல் போட்டோம். பறைக்கு மைக் எதற்கு?

இழுத்தடித்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. மெயின் ரோட்டில் போட்டிருந்தால் பார்த்திருக்கப் போவது வழிப்போக்கர்கள். உள்ளே போட்டதால், அக்காவைப் பற்றிக் கமிஷன் பேச்சு பேசிய அதே நாற்பது வீடுகள் பார்த்தன.

படம் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. அறிவித்தால் மட்டும் யார் கேட்பார்கள்? முன்வரிசையில் உட்கார்ந்த ஓர் ஆயாவின் மடியில் பெரிய மஞ்சப்பை ஒன்றை வைத்து, போன்களை அதில் போடச் சொன்னோம். ஆயா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாங்கினார். இரண்டு பையன்கள் தவிர எல்லோரும் போட்டார்கள். அந்த இருவரும் நாடகம் முடியும் வரை ஆயாவின் பார்வையிலிருந்து தப்பவில்லை.

நாடகம் கடைசியில் ஒரு கேள்வியில் நிற்கும்: முதல் ஆள் விழுந்துவிட்டார், இரண்டாவது ஆள் மேலே நிற்கிறார், கயிறு கிடக்கிறது, என்ன செய்வது? 'இறங்கு' என்று கத்தியவர்கள்தான் அதிகம். பிறகு பிழைத்தவர் கூட்டத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார், "இறங்காத. ஆளக் கூப்டு." நாங்கள் கேட்டுச் சொன்னதல்ல.

என்ன ஆனது

மொத்தம் ஏழு முற்றங்களில் போட்டோம். மூன்றாவது முறைக்குப் பிறகு அக்காவின் வண்டி மறுபடி தூக்கப்பட்டது. இந்தத் தடவை பக்கத்து வண்டிக்காரர்கள் நான்கு பேரும் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் சட்ட நகலோடு வார்டு ஆபீஸுக்குப் போனார்கள். மாவும் எண்ணெயும் அன்றே வந்தன, வண்டி மறுநாள். எங்கள் குழுவிலிருந்து யாரும் போகவில்லை. எங்களுக்கு விஷயமே சாயங்காலம்தான் தெரியும். இந்த எட்டு மாதத்தில் உருப்படியாக நடந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதை விட்டார். அவர் மனைவி நாடகம் பார்த்தார் என்பது தெரியும். காரணம் அதுதானா என்று கேட்டதில்லை. டியூஷன் மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பயம் போகவில்லை.

வழக்கில் 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பின்னர் சேர்க்கப்பட்டன. இழப்பீட்டில் ஒரு பகுதி இறந்தவரின் மனைவி கணக்குக்கு வந்தது. மீதிக்கு அலைச்சல் தொடர்கிறது. மேஸ்திரி கைதாகி ஜாமீனில் வந்தார். கட்டட உரிமையாளர் தரப்பு இன்னும் வெளியேதான். கமிஷன் பேச்சு முழுதாக ஓயவில்லை, பழைய வீடியோ எங்கோ சுற்றும்போது மறுபடி கிளம்பும்.

நடுவில் ஓர் அமைப்பு செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னது. பதிலுக்கு அக்காவின் படத்தோடு ஒரு 'வெற்றிக் கதை' கேட்டது. வேண்டாம் என்றோம். பஸ் செலவுக்கே சிரமமாக இருந்த நேரம் அது, வீராப்பில் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

பாடகர் இரண்டாவது மாதக் கடைசியில் திரும்பினார். எங்களிடம் வருவதற்கு முன் இறந்தவரின் அம்மாவிடம் போயிருக்கிறார். பையனுக்கு வீட்டில் என்ன பெயர், எந்த இடத்தில் கால்பந்து ஆடுவான், என்ன பிடிக்கும் என்று கேட்டு ஒரு பாட்டுக் கட்டினார். பிரியாணி பிடிக்கும் என்று எழுதியிருந்ததை அம்மா மாற்றச் சொன்னார். அவனுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு. அந்தப் பாட்டு வீட்டுக்குள் ஒரே ஒரு தடவை பாடப்பட்டது. பதிவு இல்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

காப்பாளரிடம் கேட்காமல் அவரைப் பற்றி எதையும் மேடையேற்றக் கூடாது என்பது இப்போது குழுவின் விதி. 'சரி' என்று ஒரு தடவை சொன்னால் போதாது; பாட்டு முடிந்த பிறகு, பகிரும் முன், மறுபடி கேட்கிறோம். வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் கேட்கிறோம், பைக் நிற்பது அவர்கள் பள்ளி வாசலில்தான்.

வக்கீலைக் கூப்பிட்டது மூன்றாவது வாரத்தில். முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டும். பிழைத்தவரை ஒத்திகைக்கு அழைத்ததும் சரியான ஏற்பாட்டோடு நடக்கவில்லை. அவர் வட்டத்தின் ஓரம் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருக்க, பேச, ஆறுதல் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்ததோடு எங்கள் ஏற்பாடு முடிந்துவிட்டது.

கலைக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைக் கூடப் போவதற்கும் காத்திருப்பதற்கும் மனு எழுதுவதற்கும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். எங்களுக்கு அது தற்செயலாக அமைந்தது. தற்செயலை நம்பி அடுத்த தெருவுக்குப் போக முடியாது.

இந்தப் பதிவை அக்காவிடமும் இறந்தவரின் அம்மாவிடமும் முழுதாக வாசித்துக் காட்டினோம். அம்மா எதையும் மாற்றச் சொல்லவில்லை. அக்கா மூன்று இடத்தில் நிறுத்தினார். டியூஷன் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு குறிப்பை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். ஒரு போலீஸ்காரரைப் பற்றி நான் கொஞ்சம் காரமாக எழுதியிருந்ததை, "அந்தாளு கெட்டவன் இல்ல, அனுப்ச்சவங்க வேற" என்று அடிக்கச் சொன்னார், அடித்தோம். மூன்றாவது, தொடக்கத்தில் வடை, போண்டா என்று எழுதியிருந்தேன். "போண்டா நான் எப்பபா போட்டேன்? பஜ்ஜின்னு எழுது."